அக்கரைப் பாலை

கருவி வந்து இறங்கிய அன்றைக்கே நாற்றங்கால் பெண்கள் அதற்கு ‘நாக்குப் பொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாரியம் வைத்திருந்த பெயர் ‘மரபுத்தட அறிவி’. அதை ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரித்ததோடு சரி. டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம், நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது போல ஒரு தட்டு. விரல்நகம் அளவுக்கு இலையைக் கிள்ளி அதில் வைத்தால் பெட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் அந்தச் செடியின் தாய்மரம் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். உள்ளூர் வித்து என்றால் பச்சை விளக்கு. வெளியூர் என்றால் சிவப்பு.

அஞ்சலாட்சிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மரக்காணத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி, செம்மண் மேட்டில் அவளுடைய நாற்றங்கால் இருந்தது. வேறெங்கிருந்தோ வந்த பூச்செடி ஒன்றுகூட அங்கே கிடையாது. நிழல்வலைக்கு அடியில் தேங்காய்நார்த் தொட்டிகளில் இலுப்பையும் வீரையும் உலக்கைப்பாலையும் வரிசை வரிசையாக நிற்கும். அதற்கு அப்பால் காரை, களா, காசா என்று புதர்ச்செடிகள். கிழக்கு ஓரத்தில், வெயில் முழுதாக விழும் இடத்தில், மணலைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் தொட்டியை விட்டு வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருக்கும். முப்பத்தெட்டுப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன், எங்கிருந்தோ வாங்கிவந்த நாற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பூஞ்சை, கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளை எல்லாம் விறகாக்கிவிட்டுப் போயிருந்தது. பிறகு வந்த இரண்டு புயலுக்கும் குறுக்கே நிற்க மரமில்லை. உப்புக்காற்று வயல்வரை ஏறி வந்தது. அதன் பிறகுதான் பசுங்கரை வாரியம் என்ற ஒன்றை அமைத்தார்கள். கரை நெடுகிலும் காடு வளர்ப்பது, அதில் அந்தந்த வட்டாரத்து வித்திலிருந்து வந்த செடியை மட்டுமே நடுவது என்று சட்டம் போட்டார்கள். பட்ட சூட்டுக்கு அது சரியான சட்டமாகத்தான் அஞ்சலாட்சிக்குப் பட்டது. தன் நாற்றங்காலுக்கு அதனால் ஒரு குறையும் வராது என்று நம்பினாள்.

கருவியைக் கொண்டுவந்தவர் வாரியத்தின் உதவி இயக்குநர் இளவழகன். முப்பது வயதைத் தாண்டாதவர், செடியைத் தொடும்போது செருப்பைக் கழற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர். காலையிலிருந்து அவர் இலை கிள்ளிக் கிள்ளி வைத்தார். இலுப்பை பச்சை. வீரை பச்சை. களாவும் காசாவும் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் பெண்கள் கை தட்டினார்கள். அடப்பங்கொடிக்குப் பச்சை வந்தபோது ஒருத்தி குலவையே போட்டாள்.

உலக்கைப்பாலைக்குச் சிவப்பு வந்தது.

இளவழகன் வேறொரு தொட்டியிலிருந்து கிள்ளி வைத்தார். சிவப்பு. பாத்தியின் நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து, கடைசி வரிசையிலிருந்து என்று பதினாறு இலை வைத்துப் பார்த்தார். பதினாறும் சிவப்பு. பெட்டியின் மேல் இருந்த சின்னத் திரையில் ஒரே ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பாலைக் கன்றுகள்தான் அந்த நாற்றங்காலின் பெருமை. பாலை பிடிவாதக்காரச் சாதி. வித்து முளைக்க மாசக்கணக்காகும், முளைத்தாலும் இரண்டு வருடத்தில் முழங்கால் உயரம்கூட வராது. ஆனால் வேர் பிடித்துவிட்டால் உப்புக்கும் புயலுக்கும் அசையாது. அதை முளைக்கவைக்கிற வித்தை அந்தச் சுற்று வட்டாரத்திலேயே தவமலர் ஒருத்தியின் கையில்தான் இருந்தது. வித்தின் விளிம்பை மட்டும் கருங்கல்லில் ஒரு இழை தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடுவாள். எவ்வளவு தேய்ப்பது என்பதை அவளுடைய விரல்தான் அறியும். வாரியம் கேட்ட நாலாயிரம் கன்றையும் அவள்தான் எழுப்பித் தந்திருந்தாள்.

தவமலர் அஞ்சலாட்சியைவிட இரண்டு வயது இளையவள். வன்னியிலிருந்து ஏழு வயதில் படகேறி வந்தவள். அன்றிலிருந்து அகதி முகாம்தான். பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் ஆனது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் இருந்தபடிதான். மகள் நிரோஷா திண்டிவனத்தில் ஓர் ஆசிரியரைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு வேண்டிய காகிதங்களும் கிடைத்து, முகாமை விட்டுப் போயிருந்தாள். தவமலரின் குடியுரிமை மனு பதினாலு வருடம் மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் ஒரு நேர்விசாரணைத் தேதியில் வந்து நின்றிருந்தது. தை பதினெட்டு. கருவி வந்தது கார்த்திகையில்.

“என்னா சார் இது? எங்கள மாதிரியே அதுக்கும் கண்ணு மங்கிப் போச்சா?” என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

இளவழகன் சிரிக்கவில்லை. அவளைத் தனியாக அலுவலக அறைக்கு அழைத்துப் போனார்.

“அம்மா, இந்தப் பெட்டிக்குள்ள ஒரு வரைபடம் இருக்கு. ஊர் ஊரா மரங்கள்ல இருந்து இலை எடுத்து, அதோட மரபுக்கூறப் படிச்சு வச்சிருக்காங்க. நாம வைக்கிற இலைய அதோட ஒப்பிட்டுப் பாக்கும். எதோட நெருக்கமா ஒத்துப்போகுதோ அந்த ஊர்னு சொல்லும். இது வன்னிக்காடுன்னு சொல்லுது. இலங்கையில.”

“இது எங்க கோயில்காட்டுல பொறுக்குன வித்து சார். நானே பொறுக்குனேன்.”

“நாலாயிரமும் நீங்களே பொறுக்குனீங்களா?”

அஞ்சலாட்சி அந்த வருடத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன், பாலைப்பழம் விழுகிற வைகாசியில், முதல் வாரம் அவள் பொறுக்கினாள். அந்த வருடம் காய்ப்பு குறைவு. இரண்டாவது வாரம் தம்பி மகள் கல்யாணத்துக்காகப் பண்ருட்டிக்குப் போய்விட்டாள். போகும்போது தவமலரிடம், “எங்கேர்ந்து கொண்டாருவியோ தெரியாது தவம், எனக்கு நாலாயிரம் எழும்பணும்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது தவமலர் இரண்டு கூடை நிறைய வித்து வைத்திருந்தாள். அஞ்சலாட்சியும் வழியில் ஒரு ஐயனார் கோயில் காட்டில் கிடைத்ததென்று ஒரு பை கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் ஒரே பாத்தியில்தான் போட்டார்கள். காய்ப்பு இல்லாத வருடத்தில் இரண்டு கூடை எப்படி வந்தது என்று அவள் அப்போது கேட்கவில்லை. கப்பலில் வருகிற சொந்தக்காரர்கள் யாராவது தவமலருக்குப் பனாட்டு, ஒடியல் என்று பனைப் பண்டங்கள் கொண்டுவந்து கொடுப்பது உண்டு. அந்தப் பொட்டலங்கள் இப்போது அவள் நினைவுக்கு வந்தன.

“அந்தக் கோயில்காட்டு மரத்துலயே வச்சுப் பாருங்களேன் சார்,” என்றாள்.

“பாக்கலாம். ஆனா அதுக்குப் பேரு மேல்முறையீடு. நீங்க மேல்முறையீடு போட்டா தலைமை ஆய்வகத்துல இருந்து ஆள் வரணும். அதுவரைக்கும் இந்த நாற்றங்கால்ல இருந்து ஒரு தொட்டி வெளிய போகக் கூடாது. குறைஞ்சது ஆறு மாசம் பூட்டு.” அவர் குரல் தாழ்ந்தது. “இன்னொரு வழி இருக்கும்மா. தெரியாம யாரோ ஒருத்தர் வெளி வித்தக் கலந்துட்டாங்கன்னா, அந்தப் பாத்தியை மட்டும் அழிச்சிட்டு மத்ததுக்குச் சான்று குடுக்க எனக்கே அதிகாரம் இருக்கு. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது தவமலர் அவளிடம் வந்தாள்.

“அக்கா, என்ன சொன்னவர் அந்தத் தம்பி?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு மறுபடியும் வர்றாராம்.”

தவமலர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. அஞ்சலாட்சியும் ஒன்று கேட்க நினைத்தாள். ‘அந்த ரெண்டு கூடை எங்கேர்ந்து தவம்?’ ஐந்தே சொல். இருபது வருடம் ஒரே தட்டில் சோறு பிசைந்து தின்றவர்களுக்கு இடையில் அது கேட்கக்கூடாத கேள்வியும் இல்லை. ஆனால் கேட்டு, அவள் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டால், பிறகு எல்லாம் தெரிந்தே செய்ததாகிவிடும் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. தவமலரும் ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக்கொண்டு முகாம் பக்கம் நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அஞ்சலாட்சி வாரிய அலுவலகத்தில் இருந்தாள். தட்டச்சு செய்த தாளை இளவழகன் படித்துக் காட்டினார். ‘மேற்படி வித்துகளில் ஒரு பகுதியை, இலங்கை அகதி முகாமைச் சேர்ந்த பணியாளர் தவமலர், எனக்குத் தெரியாமல் வெளியிலிருந்து பெற்றுக் கலந்திருக்கக்கூடும் என்று கருதுகிறேன்.’

“கலந்திருக்கக்கூடும்னு தான இருக்கு? கலந்துட்டான்னு இல்லியே?”

“இல்லம்மா. கூடும்னுதான்.”

“அவளுக்குப் பெருசா எதுவும் வராதே?”

“எங்க பக்கத்துல வேலைய விட்டு நிறுத்தச் சொல்லுவோம். அவ்வளவுதான்.”

‘எங்க பக்கத்துல’ என்ற சொல்லை அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி கையெழுத்துப் போட்டாள். முப்பத்தெட்டுப் பேர் என்று பேருந்தில் வரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் முப்பத்தேழுதான் மிச்சம் என்பது நாற்றங்கால் வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது.

பதினொரு மணிக்கு நிழல்வலைக்கு அடியில் எல்லோரையும் உட்காரவைத்து இளவழகன் விசாரணையைத் தொடங்கினார். கோப்பைத் திறந்து, “இது சம்பந்தமா…” என்றுதான் ஆரம்பித்தார். தாளை அவர் எடுக்கக்கூட இல்லை. பின்வரிசையில் தவமலர் எழுந்து நின்றாள்.

“நான்தான் கொண்டு வந்தனான்.”

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கரையில இருந்து வித்து எடுப்பிச்சு நான்தான் கலந்தனான். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

இளவழகன் அவளையே பார்த்தார். பிறகு கோப்பை மூடினார். அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்ட தாள் அதற்குள் மடிந்து போனது. அதைப் படிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதில் அவருக்கு ஏற்பட்ட ஆசுவாசம் முகத்திலேயே தெரிந்தது. அஞ்சலாட்சிக்கும் அப்படித்தான் இருந்தது. அவள்தான் செய்திருக்கிறாள், தான் எழுதிக் கொடுத்தது பொய் இல்லை என்று நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது. இவ்வளவு பழகியும் என்னிடம் மறைத்துவிட்டாளே என்று.

நாலாயிரம் கன்றுகளையும் அன்றே அழிக்கச் சொன்னார்கள். குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, பெண்கள் கைமாற்றிக் கைமாற்றித் தொட்டிகளைக் கொட்டினார்கள். தவமலர் போகவில்லை. வேலி ஓரம் உட்கார்ந்து கடைசித் தொட்டி விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அஞ்சலாட்சியைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தத் தலையசைப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போது அஞ்சலாட்சிக்குப் புரியவில்லை.

தை பதினெட்டாம் தேதி, குடியுரிமை விசாரணையில் தவமலரிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே அந்த வித்தைப் பற்றியதுதான். தடைசெய்யப்பட்ட உயிர்ப்பொருளைக் கடல் தாண்டி வரவழைத்ததாக வாரியத்தின் குறிப்பு அவளுடைய கோப்பில் ஏறியிருந்தது. மனு தள்ளுபடி ஆனது. அடுத்த வருடம் முகாமை மூடும்போது தவமலரின் பெயர் திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் இருந்தது. நிரோஷா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லை.

கப்பல் புறப்பட்ட அன்று வாரியத்தில் இருந்து ஆட்கள் கன்று எடுக்க வந்திருந்தார்கள். நாற்றங்காலை விட்டு நகர முடியவில்லை என்று அஞ்சலாட்சி நிரோஷாவிடம் சொன்னாள். நகர்ந்திருக்க முடியும். ஒரு புடவையும் ஒரு டப்பா பலகாரமும் கொடுத்தனுப்பினாள்.

கரைக்காடு ஆறு வருடத்தில் எழுந்து நின்றது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் பாலை நிற்க வேண்டிய இடத்தில் வேறு மரங்களை நிரப்பியிருந்தார்கள். அடுத்த பெரிய புயலில் அந்த வரிசை அப்படியே சாய்ந்து, உள்ளே இருந்தவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. மூன்று ஊர் வயலில் உப்பு பூத்தது. வாரியம் பாலை வேண்டும் என்று மறுபடியும் தேட ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் இளவழகன் நாற்றங்காலுக்கு வந்தார். இப்போது அவர் மாவட்ட இயக்குநர். தலையில் அங்கங்கே நரை. வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றினார். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“கோயில்காட்டுக்குப் போயிட்டு வரேன்மா. அந்தப் பெரிய பாலை மரத்துல இருந்து வித்து எடுக்கலாம்னு, சான்றுக்காக எலை வச்சுப் பாத்தேன்.”

“பச்சை வந்துச்சா?”

“சிவப்பு.”

அஞ்சலாட்சி கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்தாள்.

“முன்னூறு வருஷத்து மரம் அது,” என்றார் இளவழகன். “அத யாரும் அக்கரையில இருந்து கொண்டாந்து நட்டிருக்க முடியாது. அஞ்சு ஊரு கோயில்காட்டுக்குப் போனேன். எங்கெல்லாம் பாலை இருக்கோ அங்கெல்லாம் சிவப்பு. எல்லாமே வன்னின்னு சொல்லுது.”

“அப்ப பொட்டி பொய் சொல்லுதா?”

“பொய் இல்லம்மா. அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. நம்ம கரையில பாலைய செக்குக்கும் உலக்கைக்கும் வீட்டுக்கும் வெட்டித் தீத்துட்டாங்க. வரைபடம் தயாரிக்கிறப்ப எலை எடுக்கப் போனவங்க கண்ணுல இங்க ஒரு மரமும் படல. அக்கரையில காடு மிச்சம் இருந்துச்சு, அங்க எடுத்தாங்க. அதனால எந்தப் பாலை எலைய வச்சாலும் அதுக்கு நெருக்கம்னு தெரிஞ்ச ஒரே ஊரு வன்னிதான். ரெண்டு பக்கமும் ஒரே காடா இருந்தது ஒரு காலத்துல. வவ்வாலும் குருவியும் இன்னமும் போய்ட்டு வந்துட்டுதான் இருக்கு. கோடு கிழிச்சது நாமதான்.”

அவர் போன பிறகு அஞ்சலாட்சி பழைய பாலைப் பாத்தி இருந்த இடத்துக்குப் போனாள். இத்தனை வருடமும் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஊன்றுகோல், தவமலர் அதைச் செய்தாள் என்பதுதான். செய்யாதவள் ஏன் எழுந்து நின்று செய்தேன் என்றாள்? எவ்வளவு யோசித்தும் ஒரு விடைதான் கிடைத்தது. முப்பத்தேழு பேருக்காக நின்றிருக்கிறாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அன்றைக்கு வேலி ஓரத்தில் அவள் தலையசைத்தது, ‘கவலைப்படாதீங்கோ அக்கா’ என்று சொல்லத்தான்.

தவமலர் மேல் இருந்த குற்றத்தை நீக்கச் சொல்லி அஞ்சலாட்சி மனு எழுதினாள். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதை இளவழகனே கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். எட்டு மாதம் கழித்து ஆணை வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், தவமலர் மீது பதிந்த குற்றம் கருவியின் குறைபாட்டால் நேர்ந்தது, அது ரத்து செய்யப்படுகிறது, அவர் புதிதாக மனு செய்ய இனித் தடையில்லை என்று இருந்தது. இரண்டாவது பக்கத்தில் ரத்தாகும் ஆவணங்களின் பட்டியல். வரிசை எண் ஒன்று: நாற்றங்கால் பொறுப்பாளர் அஞ்சலாட்சியின் வாக்குமூலம், காலை 9.10. வரிசை எண் இரண்டு: பணியாளர் தவமலரின் ஒப்புதல், காலை 11.20.

தபாலில் போடலாம் என்று நிரோஷா சொன்னாள். அஞ்சலாட்சி கேட்கவில்லை. இரண்டாவது பக்கத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்து, நேருக்கு நேர் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். காங்கேசன்துறையில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி, நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு குளக்கட்டு ஓரம் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காலை பத்து மணி.

தகரக் கூரைக்கு முன்னால் தொட்டிகள். பாலை, வீரை, நாவல். பாதிக்கு மேல் பாலை. அவற்றுக்கு நடுவில் குனிந்திருந்த உருவம் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தது.

“அக்கா!”

தவமலர் மெலிந்திருந்தாள். பேச்சு மட்டும் முன்பைவிட அக்கரைப் பேச்சாகிவிட்டிருந்தது. ஓடிவந்து மண் கையோடு கட்டிக்கொண்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நிரோஷா கொடுத்தனுப்பிய பேரனின் படத்தை வாங்கி முத்தம் கொடுத்தாள்.

“இஞ்சயும் அந்தப் பெட்டி வந்திட்டுது அக்கா. என்ரை கன்று எல்லாத்துக்கும் பச்சை விழுந்திட்டுது. எனக்குத்தான் இன்னும் விழேல்ல. சனம் என்னை இந்தியாக்காரி எண்டுதான் கூப்பிடுது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அஞ்சலாட்சி இளவழகன் சொன்னதை எல்லாம் சொன்னாள். முன்னூறு வருடத்து மரத்துக்குச் சிவப்பு விழுந்ததையும், வரைபடத்தில் இருந்த ஓட்டையையும். தவமலரின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

“அப்ப நீங்கள் கலக்கேல்லையா அக்கா?”

“நானா?”

“நீங்கள் பண்ருட்டியில இருந்து ஒரு பை வித்து கொண்டு வந்தனீங்கள். எங்கேர்ந்தாவது நாலாயிரம் எழும்பணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள். பெட்டி சிவப்பு எண்டு காட்டினோடன எனக்கு அந்தப் பை தான் ஞாபகம் வந்தது. ஆரோ அக்கரை வித்தை உங்களுக்குத் தள்ளிவிட்டிருக்கினம், நீங்கள் தெரிஞ்சுதான் வாங்கியிருக்கிறியள் எண்டு நினைச்சிட்டன். அண்டைக்குப் பின்னேரம் கேக்கத்தான் வந்தனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லிட்டா என்ன செய்யிறது எண்டு பயந்து கேக்காமல் விட்டிட்டன். விடிய விடிய யோசிச்சன். உங்கட பேர் வந்தா நாற்றங்காலே போயிடும். என்ரை பேர் வந்தா என்னோட போகும்.”

“அப்ப உன்னோட ரெண்டு கூடை?” என்று மட்டும் அஞ்சலாட்சி கேட்டாள்.

“அதுவா? முகாமுக்குப் பின்னால ஒரு ஆலமரம் இருந்ததெல்லே, வவ்வால் தொங்குற மரம். காடெல்லாம் சுத்திப் பழம் திண்டிட்டு வந்து வித்தை அங்கதான் துப்பும். பத்து நாள் குனிஞ்சு பொறுக்கினது. வவ்வால் எச்சில் எண்டு சொன்னா நீங்கள் அருவருப்பியள் எண்டு சொல்லேல்ல.”

தவமலர் எழுந்து வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இப்ப வெக்கமாக் கிடக்கு அக்கா. கையில காகிதமில்லாத எனக்கு இருபது வருசம் வேலை தந்தனீங்கள். அப்பிடிப்பட்ட மனுசியை ஒரு பெட்டி சொல்லிச்சுது எண்டு களவெடுத்தவள் எண்டு நினைச்சுப்போட்டன். இத்தனை வருசமும் உங்களை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். என்னை மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பை மடியிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் அதற்குள் இருந்தன. ஒன்பது பத்து என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். அஞ்சலாட்சி கீழே பார்த்தாள். தவமலரின் முகம் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது, குற்றம் செய்த பிள்ளையின் முகம் போல.

“எழுந்திரு தவம்,” என்றாள். “நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல.”

“மன்னிச்சிட்டியள்தானே?”

“மன்னிச்சிட்டேன்.”

தவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சலாட்சி பைக்குள் கைவிட்டு, மேலாக இருந்த தாளை மட்டும் உருவிக் கொடுத்தாள். தவமலர் அதைத் தொட்டிகளுக்கு அப்பால், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாளின் அடியில் இருந்த எண்ணைக் கவனித்தாள்.

“ரெண்டு பக்கம் எண்டு போட்டிருக்கு. மற்றது எங்க அக்கா?”

“அது ஆபீசுக்கு உள்ளது. உனக்கு ஒண்ணும் அதுல இல்ல.”

“ஓ,” என்றாள் தவமலர். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனாள். அவள் அதையும் நம்பினாள்.